குவார்ட்டர் கணக்கு

2015, ஆகஸ்ட் 1. சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளம் ஒன்றியத்தில் கலிங்கப்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே இருந்த டாஸ்மாக் கடைக்கு முன்னால் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். வயது தொண்ணூறைத் தாண்டியாயிற்று. பெயர் மாரியம்மாள். வைகோவின் அம்மா என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். கூடவே ஊர்ப் பெண்கள். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். கடையை மூடு.

முந்தின நாள்தான், அதாவது ஜூலை 31 அன்று, மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் டவரில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் இறந்துபோயிருந்தார். தமிழ்நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். மறுநாள் ஆகஸ்ட் 2. கலிங்கப்பட்டியில் கூட்டம் பெருகியது. கடை நொறுக்கப்பட்டது. தடியடி, கண்ணீர்ப்புகை. கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் அன்றைக்கு எல்லா டிவியிலும் ஓடியது. அந்த நவம்பரிலேயே மாரியம்மாள் காலமானார்.

குடிக்கு எதிராகப் பெண்கள் தெருவுக்கு வந்தால் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். கூலிக் காசு வீடு வந்து சேருவதில்லை. அடி, உதை. ஈரல் கெட்டுப்போய் நாற்பது வயதில் செத்துப்போகிற புருஷன். தாலி அறுந்த முப்பத்தைந்து வயதுப் பெண். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு ஐட்டம் மட்டும் வருவதே இல்லை. தொட்டில்.

சாராயத்துக்கும் தொட்டிலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அந்தச் சம்பந்தத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஆராய்ச்சிகளில் ஒன்று நம் ஊரிலேயே நடந்தது. கோயமுத்தூரில்.

2005-ம் வருடம். கே.ஆர். முத்துசாமி, பி. சின்னசாமி என்று கோவையைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், குழந்தையின்மை மருத்துவத்துக்கென்றே அமெரிக்காவிலிருந்து வருகிற ஒரு முக்கியமான பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 66 குடிகாரர்கள். சிகரெட் கிடையாது, வேறு போதை கிடையாது, குடி மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டுமே இல்லாத 30 பேர். எல்லோருக்கும் ரத்தமும் விந்தும் எடுத்துச் சோதித்தார்கள். யாரைக் குடிகாரர் என்று வைத்துக்கொள்வது? அதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமில்லையா. குறைந்தபட்சம் ஒரு வருடமாக, வாரத்துக்கு ஐந்து நாளாவது, ஒரு நாளைக்கு 180 மில்லியாவது பிராந்தியோ விஸ்கியோ குடிப்பவர்.

180 மில்லி. லண்டன், நியூயார்க் டாக்டர்களுக்கு இது ஏதோ ஒரு நம்பர். நமக்கு இதற்குப் பெயரே உண்டு. குவார்ட்டர்!

முடிவு என்ன? குடிப்பவர்களுக்கு ஆண்மைக்கான ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. பெண்மைக்கான ஹார்மோன் என்று நாம் சொல்கிற ஈஸ்ட்ரோஜன் கூடியிருந்தது. விந்தின் அளவு, விந்தணுக்களின் எண்ணிக்கை, அவற்றின் ஓட்டம், ஒழுங்கான உருவத்தோடு இருப்பவை என்று நாலுமே கணிசமாகச் சரிந்திருந்தன. மகா குடிகாரர்களைத் தேடிப் பிடித்து எடுத்த கணக்கல்ல இது. தினம் ஒரு குவார்ட்டரில் தொடங்குகிற கணக்கு. நம் ஊரில் அதைக் குடி என்றே பல பேர் சேர்ப்பதில்லை. 'லைட்டா சாப்பிடுவாப்ல' என்பார்கள்.

இந்தக் குவார்ட்டர் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பது தனிக் கதை. சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடைக் காசு போனால் கஜானாவுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். 1939-ல் விற்பனை வரி போட்டார். (பி.காம். படித்த எனக்கு இதைவிட ருசியான ஒரு தகவல் வரலாற்றில் கிடைத்ததில்லை. பின்னாளில் மதுவிலக்கு போய்விட்டது. வரி போகவில்லை.) 1948 காந்தி ஜெயந்தி அன்று மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் கடைகள் திறந்தன. 1974-ல் அதே ஆட்சியில் மூடின. 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, மொத்த வியாபாரத்துக்காக. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. கோவைக் கட்டுரை வெளிவந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

நடுவில் ஒன்று நடந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. சாராயம் இடையில் மலிவு விலை மதுவாக ஒரு சுற்று வந்து போனது. கள் போனது போனதுதான். கடைசியில், சட்டப்படி ஒருவன் குடிக்க வேண்டுமானால் சீமைச் சரக்குதான். அதிலும் தமிழ்நாட்டுக்காரனுக்குப் பிராந்திதான் இஷ்டம். இதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கள்ளில் ஐந்து சதவீதத்தையொட்டி இருக்கும். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் கிடைக்கிற போதையைக் கள்ளில் தேடினால் ஒன்றரை லிட்டர் இறக்க வேண்டும். கள்ளையும் அப்படி இறக்கிய ஆசாமிகள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வயிறு என்று ஒரு பிரேக் இருந்தது. குவார்ட்டரில் அந்தப் பிரேக் இல்லை. இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். ஐந்தே நிமிடத்தில் காலி செய்யலாம்.

2003-04-ல் மது மூலம் அரசுக்கு வந்த வருமானம் 3,600 கோடிச் சொச்சம். 2024-25-ல் 48,344 கோடி. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டு ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் குடிக்கிறார்.

சரி, உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? இதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

போதையில் கூடாதீர்கள், பிறக்கிற பிள்ளை உருப்படாது என்று பிளேட்டோவே எழுதி வைத்திருக்கிறார். அது அனுபவ அறிவு. கண்ணால் பார்த்தது 1909-ல்தான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் பெர்த்தோலே என்று ஒரு மருத்துவர், குடியால் செத்தவர்களின் பிணங்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஈரலைப் பார்ப்பார்கள். இவர் விரைகளையும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பெரும்பாலானவை சுருங்கிப்போயிருந்தன. விந்தணு உற்பத்தியாகிற மெல்லிய குழாய்கள் வறண்டு கிடந்தன.

1920-களின் நடுவில் இத்தாலியில் கோர்டா, சில்வெஸ்ட்ரினி என்ற இரண்டு டாக்டர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். ஈரல் சுருங்கிய ஆண் நோயாளிகளுக்கு மார்பு பெண்களுக்குப் போல் வளர்கிறது. விரைகள் சிறுத்துப்போகின்றன. மார்பிலும் அக்குளிலும் முடி உதிர்கிறது. அந்த அறிகுறிகளுக்கு இவர்கள் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் காரணம் என்று வந்தபோது ரொம்ப நாளைக்கு ஒரு சௌகரியமான பதில் ஓடியது. சாராயத்தின் மேல் தப்பில்லை. குடிகாரன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, ஈரலும் கெட்டுவிட்டது, அதனால் வருகிற கோளாறு இது. நல்லா சாப்பிட்டுக் குடித்தால் ஒன்றும் ஆகாது! 'முட்டை, ஈரல் வறுவல் எல்லாம் சேர்த்துக்கிட்டுத்தான் சாப்பிடறேன்' என்று இன்றைக்கும் பாரில் உட்கார்ந்து சொல்கிறார்களே, அதே தத்துவம்தான்.

அந்தத் தத்துவத்தை உடைத்தவர் சார்லஸ் லீபர். நியூயார்க்கில், பிராங்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். வாழ்நாள் முழுக்க ஆல்கஹாலையே ஆராய்ந்தவர். 1976-ல் அவரும் சகாக்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான ஆண்கள். ஈரலில் பழுதில்லை. சத்தான சாப்பாடு போட்டார்கள். கூடவே தினமும் அளந்து ஆல்கஹால் கொடுத்தார்கள், நாலு வாரம் வரைக்கும். டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது. அந்த ஹார்மோனைச் சிதைக்கிற ஈரல் நொதிகளின் வேகம் பல மடங்கு கூடியிருந்தது. ஆக, சாப்பாடு காரணமில்லை. சரக்குதான் காரணம்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1974-ல், டேவிட் வான் தீல் என்கிற ஆய்வாளரின் குழு இன்னும் சுவாரசியமான ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. முற்றிய குடிகாரர்கள் சிலருக்கு மாலைக்கண் வரும். அதே ஆட்களுக்கு விந்தணுவும் வற்றும். கண்ணுக்கும் விரைக்கும் என்ன உறவு? வைட்டமின் ஏ. நாம் சாப்பிடுகிற வைட்டமின் ஏ-யை ஒரு நொதி மாற்றிக்கொடுத்தால்தான் கண்ணுக்கும் உபயோகம், விந்தணு உற்பத்திக்கும் உபயோகம். வேடிக்கை என்னவென்றால், ஆல்கஹாலை உடைக்கிறதும் அதே நொதிதான். ரேஷன் கடையில் ஒரே ஒரு கவுண்ட்டர். சாராயம் பெருங்கூட்டமாக வந்து வரிசையை அடைத்துக்கொண்டால் வைட்டமின் ஏ எப்படி உள்ளே போகும்? கீரையும் கேரட்டும் தினம் சாப்பிட்டாலும் அது கவுண்ட்டரைத் தாண்டாது.

கோவை ஆய்வில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அதைச் சொல்ல ஓர் உதாரணம் வேண்டும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியை ஹெட் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரைகள் ஃபேக்டரி. ஃபேக்டரியில் இரண்டு வகைத் தொழிலாளிகள். லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கும். செர்டோலி செல்கள் விந்தணுக்களைச் சீராட்டி வளர்க்கும். (என்ரிக்கோ செர்டோலி இதைக் கண்டுபிடித்து எழுதியபோது அவருக்கு இருபத்து மூன்று வயதுதான்.) எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்று இரண்டு ஹார்மோன்கள் ஹெட் ஆபீஸிலிருந்து ஃபேக்டரிக்குப் போகிற உத்தரவுகள். சரக்கு சரியாக வந்துகொண்டிருந்தால் உத்தரவு அளவோடு போகும். வரவில்லையென்றால் மெமோ மேல் மெமோ பறக்கும்.

கோவைக் குடிகாரர்களுக்கு இந்த இரண்டு ஹார்மோனும் எகிறியிருந்தன. டெஸ்டோஸ்டிரோனோ இறங்கியிருந்தது. அதாவது ஹெட் ஆபீஸ் கத்திக்கொண்டே இருக்கிறது. ஃபேக்டரியில் ஆள் இல்லை. சில குடிகாரர்களுக்கு ஹெட் ஆபீஸே தூங்கிப்போவதும் உண்டு. உத்தரவும் போகாது, உற்பத்தியும் ஆகாது.

நீங்கள் இப்போது என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். 'எங்க தெருவுல ஒருத்தர் தினம் ஃபுல் அடிக்கிறார். நாலு பிள்ளை. இதுக்கு என்ன சொல்றீங்க?'

நியாயமான கேள்வி. குடித்தால் எல்லோருக்கும் பிள்ளை பிறக்காது என்று யாரும் சொல்லவில்லை. இயல்பிலேயே எண்ணிக்கை அமோகமாக இருக்கிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு போனாலும் மிச்சம் போதும். விளிம்பில் நிற்பவனுக்குத்தான் அது வினை. ஒரு மில்லி விந்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பது ஒரு தோராயக் கோடு. தான் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று எந்த ஆணுக்கும் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதில்லை.

மூன்றில் ஒரு பங்கு என்று நான் சும்மா சொல்லவில்லை. டென்மார்க்கில் ராணுவத்துக்காக மருத்துவச் சோதனைக்கு வந்த 1,221 இளைஞர்களை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு 40 யூனிட் குடித்தவர்களுக்கு, ஐந்து யூனிட்டுக்குள் குடித்தவர்களைவிட மொத்த விந்தணு 33 சதவீதம் குறைவு. பாதிப்பு பளிச்சென்று தெரிய ஆரம்பிப்பது 25 யூனிட்டுக்கு மேல். அந்தப் பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மீசை, குரல் எல்லாம் ஜோராக இருக்கும். எண்ணிக்கைதான் இறங்கியிருக்கும்.

டென்மார்க் யூனிட்டை நம் ஊர் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். அவர்களுக்கு ஒரு யூனிட் என்பது 12 கிராம் ஆல்கஹால். நம் குவார்ட்டரில் சுமார் 61 கிராம். ஆக ஒரு குவார்ட்டர் என்பது ஐந்து யூனிட். வாரத்துக்கு ஐந்து குவார்ட்டர் என்றால் 25 யூனிட். கோவையில் எங்கே கோடு போட்டார்களோ, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் டென்மார்க்கிலும் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசி வைத்துக்கொண்டதல்ல. எனக்கு லேசாக நடுங்கிவிட்டது.

இனி வீட்டுக்கு வருவோம். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் குழந்தை இல்லையென்றால் நம் ஊரில் முதலில் யாரைப் பார்ப்பார்கள்? சந்தேகமென்ன. மருமகளைத்தான். விரதம் அவளுக்கு. வேப்பங்கொழுந்து அவளுக்கு. கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவது அவள். சீமந்தத்துக்குப் போனால் முன்வரிசையில் உட்காரக்கூடாதவளும் அவள். 'மலடி' என்ற சொல் தெருவில் எத்தனை முறை காதில் விழுந்திருக்கிறது? 'மலடன்' என்ற சொல்லும் அகராதியில் இருக்கத்தான் இருக்கிறது. யாராவது யாரையாவது அப்படிக் கூப்பிட்டு நீங்கள் கேட்டதுண்டா?

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணுக்கும் ஏதாவது குறை இருக்கிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அதைத் தெரிந்துகொள்ளும் சோதனை ரொம்பச் சுலபம். ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. தனியார் லேபில் சில நூறு ரூபாய். சில குவார்ட்டர்களின் விலை. பெண்ணுக்கோ ஸ்கேன், ரத்தச் சோதனைகள், கர்ப்பக் குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே என்று நீளும். ஆனால் முதலில் கட்டிலில் படுப்பது அவள். அவளுக்கு எல்லாம் சரி என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான், அதுவும் டாக்டர் அதட்டினால்தான், அய்யா வருவார்.

விஞ்ஞானமும் இந்த விஷயத்தில் ஆண் பிள்ளை கட்சிதான் என்று சில நேரம் தோன்றும். 1978-ல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை. 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் மூலமாகத் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை. 1992-ல் பெல்ஜியத்தில் அடுத்த பாய்ச்சல். ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய ஊசியால் எடுத்துக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்துகிற இக்சி முறை. கோடியெல்லாம் வேண்டாம், முட்டைக்கு ஒன்று போதும். விந்தணு குறைந்த ஆண்களுக்கு அது பெரிய வரம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முட்டைகளை வளர்க்க நாள் தவறாமல் ஹார்மோன் ஊசி யாருக்கு? மயக்கம் கொடுத்து முட்டையை எடுப்பது யாரிடமிருந்து? கோளாறு அவனுக்கு. ஊசி அவளுக்கு. இன்றைக்கு சின்னச் சின்ன ஊர்களில்கூட பஸ் ஸ்டாண்ட் பக்கம் இந்த மையங்களின் விளம்பரப் பலகை கண்ணில் படுகிறது. செலவு லட்சங்களில். நிலத்தை, நகையை வைத்துக் கட்டுகிறார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், குடியால் வந்த குறையாக இருந்தால் பல பேருக்கு இந்தச் செலவே தேவைப்படாமல் போகலாம். ஒரு விந்தணு உருவாகி முடிக்க எத்தனை நாள்? 1960-களின் தொடக்கத்திலேயே ஹெல்லரும் கிளெர்மோனும் அளந்து சொல்லிவிட்டார்கள். சுமார் 74 நாள். அது முதிர்ந்து வெளிவர இன்னும் கொஞ்ச நாள். கூட்டிக் கழித்தால் மூன்று மாதம். அதாவது இன்றைக்கு எடுக்கிற விந்துச் சோதனை, மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்த உற்பத்தியின் பேலன்ஸ் ஷீட். இன்றைக்கு நிறுத்தினால் புதுக் கணக்கு மூன்று மாதம் கழித்துத் தெரியும்.

எல்லோருக்கும் திரும்பிவிடும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஈரல் சுருங்கி, விரையும் சுருங்கிப்போன பிறகு நிறுத்தினால் பலன் குறைவு. தினம் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவதும் ஆபத்து. நடுக்கம், வலிப்பு வரை போகும். டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

2010-ல் பிரெஞ்சு டாக்டர்கள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். குழந்தைக்காக வந்தவர். குடிகாரர். ஆறு வருடமாக அவருடைய விந்தைச் சோதித்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் பூஜ்ஜியம். தேடினாலும் ஒரு விந்தணு இல்லை. அதன் பிறகுதான் அவர் குடியை விட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். எல்லாம் இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது.